அப்பா அறைக்கு ஒரு பெட்டி

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் ஒரு ஹார்ட் டிஸ்க் போகும், இன்னொன்றில் இரண்டு. இரண்டு போகிற பெட்டியில் எதைப் போட்டாலும் அதுவாகவே மற்ற டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுமாம். ரவுட்டரில் ஒரு ஒயரைச் சொருகி மூலையில் வைத்துவிட்டால் போதும், வீட்டிலுள்ள எந்த டிவியிலும் எந்தப் போனிலும் அதில் இருக்கிற படம், பாட்டு, போட்டோ எல்லாம் பார்க்கலாம்.

"யாருக்காக வாங்கறீங்க மேடம்?" என்று கேட்டார்.

"எங்க அப்பாவுக்கு. அவர் ரூம்ல படுத்துக்கிட்டே பழைய படமெல்லாம் பாக்கணும்."

நான் சொன்ன தொனியில் கடைக்காரருக்கு நெஞ்சு உருகிவிட்டது. ஒயரைச் சும்மாவே கொடுத்தார். பக்கத்தில் நின்ற என் கணவருக்கும் உருகியிருக்கும், ஆனால் அவர் அப்போது அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாரண்டி. சோப்புக்கட்டி வாங்கினாலும் 'சரியில்லைன்னா மாத்தித் தருவீங்களா' என்று கேட்கிற மனிதர்.

உண்மைக் காரணத்தை நான் வாரண்டியிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்து தங்கினார். வந்த நாளிலிருந்து ஹால் சோபாவின் ஒரு முனை அவருடையதாகிவிட்டது. காலையில் உட்கார்ந்தால் இரவு விளக்கணைக்கும்வரை டிவி. எனக்கோ வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, அதே ஹாலின் இன்னொரு மூலையில். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார்களை வாங்கி ஆட்களை அனுப்புகிறவள் நான். "லிஃப்ட் பாதியில நிக்குது" என்று ஒருவர் பதறிக்கொண்டிருக்கும்போது என் பின்னாலிருந்து "அவன்தான் கொலைகாரன், எனக்கு அப்பவே தெரியும்" என்று அப்பா குரல் கொடுப்பார். ஒரு வாடிக்கையாளர், "மேடம், சினிமா தியேட்டர்லேருந்து பேசறீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவருடைய பணிவு. தண்ணீர் வேண்டுமென்றாலும் முதலில் ஒரு செருமல், பிறகு "பாப்பா, உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?" ஃபேனைக் குறைக்க வேண்டுமென்றாலும் அதே செருமல், அதே கேள்வி. கேட்டுவிட்டுக் கேட்டதற்காக வருத்தப்படுவார். வாழ்நாளெல்லாம் சர்வேயராக ஊரார் நிலத்தை அளந்து, இது உன்னுடையது, இது அவனுடையது என்று அடித்துச் சொன்னவர், மகள் வீட்டில் தனக்கு எவ்வளவு இடம் என்று தெரியாமல் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். இப்போது எனக்கு அது புரிகிறது. அப்போது எரிச்சல்தான் வந்தது.

அவர் போட்டுப் பார்க்கும் படங்கள் எல்லாம் அவரே தேடிச் சேர்த்தவை. எந்தச் சந்தா கட்டினாலும் கிடைக்காது. பென் டிரைவிலும் கீறல் விழுந்த வட்டுகளிலும் கிடந்தன. டிவியில் நேராக ஒரு டிஸ்கைச் சொருகிவிடலாம் என்றார் வாரண்டி. அப்படிச் செய்தால் ஹால் டிவியிலேயே நின்றுவிடுமே! பழைய கம்ப்யூட்டரையே இதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் அடுத்து. அது ஓடினால் மாவு அரைக்கிற சத்தம் வரும் என்று தட்டிக்கழித்தேன். வாங்கினால் தனிப்பெட்டி, அப்பா அறைக்கென்று ஒரு சின்ன டிவி, பெட்டியில் இருப்பதை அதில் காட்ட டிவிக்குப் பின்னால் சொருகுகிற ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்று நான் முடிவுகட்டியபோது, "உங்கப்பான்னா உனக்கு உயிர்தான்" என்றார் வாரண்டி. நான் மறுக்கவில்லை.

இரண்டு டிஸ்க் போகிற பெட்டியையே வாங்கினோம். அதைப் பொருத்திய நாளில் எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான் வந்தது.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி கணக்கு போட்டுக்கணும்னு புத்தகத்துல இருக்கு," என்றார் வாரண்டி. "உன் போன்ல இருக்கறது உனக்கு மட்டும், என்னோடது எனக்கு மட்டும். பொதுவானது மட்டும் எல்லாருக்கும்."

"அப்பாவால ரிமோட்ல பாஸ்வேர்டு அடிக்க முடியுமா? எல்லாத்துக்கும் ஒரே கணக்கு போடுங்க."

"அப்ப உன் போன்ல எது வந்தாலும் தானா அதுல ஏறிடும், யார் வேணா பாக்கலாம்."

"பாக்கட்டுமே. நம்ம வீட்ல அப்படி என்ன ராணுவ ரகசியம் இருக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பரவாயில்லை, அதற்குத் தன் குரலைப் பதிவுசெய்து வைக்கிற பழக்கமாவது இல்லை. எனக்கு இருந்தது. புகார் கொடுத்தவர்கள் மறுநாள் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று சாதிப்பதால், வருகிற போகிற எல்லா அழைப்பும் என் போனில் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தேன். பழகிப் பழகி அது இருப்பதையே மறந்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்கைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "எனக்குன்னா இவ்வளவு?" என்று வாரண்டியிடம் கேட்டார். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு எனக்குன்னே ஒரு பெட்டி வாங்கியிருக்கா" என்று சொன்னார். அன்று மாலையே தன் தலையணையையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். நான் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

மறுநாள் அப்பா கீழே நடக்கப் போயிருந்தபோது என் தம்பி வேறு ஊரிலிருந்து கூப்பிட்டான். எனக்குக் குஷி. போனை எடுத்து, தொண்டையைச் செருமி, "யாரு, தம்பியா? சாப்டியாப்பா?" என்றேன் அப்பா குரலில்.

குரல் மாற்றிப் பேசுவது எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் அப்பாதான் என்னை முன்னே தள்ளுவார். "பாப்பா, சித்தப்பா மாதிரி பேசிக் காட்டு" என்பார். விழுந்து விழுந்து சிரிப்பதும் அவர்தான். அவரை மட்டும் அவர் எதிரில் செய்ததில்லை. "என்னைச் செய்யேன்" என்று கேட்டபோதெல்லாம் "உங்க குரல் எனக்கு வராதுப்பா" என்று சொல்லிவிடுவேன். தம்பிக்கும் எனக்கும் மட்டும் தெரியும், எனக்கு நன்றாக வருவது அதுதான் என்று.

"சாப்டேன்பா. எப்படி இருக்கீங்க?" என்றான். ஏமாந்துவிட்டான்.

"எனக்கென்ன. உங்கக்கா எனக்குன்னு ஒரு பெட்டி வாங்கியிருக்கா. நான் ஒரு ஓரமா இருக்கேன். தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கப்பா."

"கொஞ்சம் மூச்சு விட்டுக்கட்டுமா? தொந்தரவு இல்லையே?"

அங்கேதான் அவனுக்குப் பிடிபட்டது. அடக்க முடியாமல் சிரித்தான். "விட்டுக்குங்கப்பா, தாராளமா விட்டுக்குங்க." நானும் விடவில்லை, இருமிக்கொண்டே இன்னும் கொஞ்சம் நடித்தேன். பிறகு என் குரலுக்கு வந்தேன். ஆளை ஹாலிலிருந்து கிளப்பி உள்ளே தள்ளத்தான் இந்தப் பெட்டியே, கதவைச் சாத்திவிட்டால் என் வீடு எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்றேன். "நல்ல ஐடியாக்கா, செலவுல பாதி நான் தரேன்" என்றான் தம்பி. "காசு வேணாம், ஆள்ல பாதிய எடுத்துக்கோ" என்றேன். இரண்டு பேரும் மறுபடி சிரித்தோம். சொல்லவே நா கூசுகிறது, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த வாரம் நான் ஆபீஸ் போகும் நாள்களில் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். பெட்டியோடு வந்த செயலியில், எந்த டிவியில் என்ன ஓடுகிறது என்று தெரியும். 'அப்பா அறை' என்ற பெயருக்குக் கீழே ஏதாவது ஒரு கறுப்புவெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருக்கும், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கோடு மெல்ல நகரும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

ஒருநாள் மதியம், மருந்துக்கடை மாடியில் நின்றுபோன லிஃப்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு, வழக்கம்போலத் திறந்தேன். 'அப்பா அறை' என்ற பெயரின் கீழே 'தம்பி' என்று இருந்தது.

எந்தப் படம் இது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகுதான் புரிந்தது. என் போனில் உள்ளதெல்லாம் பெட்டியில் ஏறியிருக்கிறது. ஒலியாக எது கிடைத்தாலும் பெட்டிக்கு அது பாட்டு. என் அழைப்புகளையெல்லாம் பாட்டு வரிசையில் அடுக்கி, யார் பெயரில் சேமித்திருந்தேனோ அந்தப் பெயரைத் தலைப்பாக்கி வைத்திருக்கிறது. பாட்டுத் தேடிப் போன அப்பா நடுவில் 'தம்பி' என்று பார்த்தால் தொடாமல் இருப்பாரா?

கோடு நகர்ந்துகொண்டிருந்தது. ஆரம்பத்துக்குத் திரும்பியது. மறுபடி நகர்ந்தது. நான் அப்பா குரலில் பேசுகிற பகுதி அது. அதைத் தாண்டினால் என் சொந்தக் குரல். செயலியில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். கோடு நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. மறுபடி அழுத்தினேன். அவரும் மறுபடி போட்டார். அவர் அறையில் ரிமோட்டோடும், நான் ஆபீஸில் கழுத்தில் ஹெட்போனோடும், ஒரே பொத்தானுக்குச் சண்டை போட்டோம். அவருக்குத் தான் யாரோடு சண்டை போடுகிறோம் என்று தெரியாது. கடைசியில் அந்தப் பதிவையே தேடிப் பிடித்து அழித்தேன். அது இருக்கிற எல்லா இடத்திலிருந்தும் அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். இரண்டு டிஸ்கிலும் போயிற்று.

"என்ன மேடம், முகமே சரியில்ல?" என்று கேட்டார் பக்கத்து மேசை மெக்கானிக். தலைவலி என்றேன். அவமானத்துக்கு நாம் வைத்திருக்கிற மறுபெயர் அது.

மாலை வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா ஹாலில் இருந்தார். டிவி ஓடவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காது கொடுத்தேன். பழைய நில எண்கள். எந்த நிலத்துக்கு எது எல்லை, எந்தக் கல் யார் வரப்பில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சரியா என்று தானே யோசித்து, அடுத்ததற்குப் போனார்.

"வந்துட்டியா பாப்பா," என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை. நான் எதிர்பார்த்திருந்தது கோபத்தை.

வாரண்டி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவை ஒருக்களித்தார்.

"மாமா டாக்டரைப் பாக்கணும்ங்கறார். உன்கிட்ட சொல்லாதீங்கன்னார். நாளைக்கு காலைல கூட்டிட்டு போறேன்."

"என்னாச்சு?"

"மதியம் பெட்டியில, தம்பிகிட்ட அவரே பேசினதைக் கேட்டாராம். எப்ப பேசினோம்னு ஞாபகமே வரலையாம். அதுவும், தம்பிகிட்ட மூச்சு விடட்டுமான்னு கேக்கறாராம், தம்பி சிரிக்கறானாம். 'நான் இப்படியா மாப்ள பேசிக்கிட்டு இருக்கேன்'ங்கறார். முழுசா கேக்கறதுக்குள்ள நின்னு நின்னு போச்சாம். நான் வந்ததும் காட்டறேன்னு தேடினார், அது அங்க இல்லவே இல்ல. நான் வேற யோசிக்காம, கனவு கண்டிருப்பீங்க மாமான்னுட்டேன். முகமே வெளுத்துப் போச்சு. 'எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது'ன்னார்."

அந்தப் பெரியப்பாவை எனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் தன் வீட்டுக் கதவையே தட்டி 'இது யார் வீடுங்க' என்று கேட்டவர். அப்பாவுக்கு உலகத்தில் வேறு எதுவும் பயம் கிடையாது. அவருடைய சொத்தும் பெருமையும் அவர் ஞாபகம்தான். ஆக, என் கேலி அவர் காதில் விழுந்தும் அது என் கேலி என்று அவருக்குத் தெரியவில்லை. தன் குரல் என்றே நம்பிவிட்டார்.

அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்தது என்று சொல்கிறேன், காறித் துப்பலாம். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தது. டாக்டர் பார்ப்பார், ஒன்றுமில்லை என்பார், விஷயம் முடிந்தது என்று கணக்குப் போட்டது. அடுப்படியில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்வரை நான் அந்தக் கணக்கோடுதான் இருந்தேன். ஹாலில் முணுமுணுப்பு நின்றது. பிறகு, "மாப்ள, உங்க அத்தை பொறந்த நாள் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று அப்பா கூப்பிட்டார்.

டம்ளரை வைத்துவிட்டு நான் போனேன்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க கேட்டது கனவும் இல்ல. அது என் போன்ல பதிவானது. ஆபீஸ்லேருந்து நான்தான் நிறுத்தினேன், நான்தான் அழிச்சேன்."

"ஏன் அழிச்சே?"

"அது நீங்க பேசினது இல்ல. நான் பேசினது. உங்களை மாதிரி."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாரண்டியைப் பார்த்து, "சொல்லிட்டீங்களா அவகிட்ட" என்று மெல்லக் கடிந்துகொண்டார். என் பக்கம் திரும்பி, "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. எனக்குத் தெரியாதா? என் குரல்தான் உனக்கு வராதே பாப்பா" என்றார்.

"வரும்பா."

"சரி, விடு. டாக்டர் பாத்து சொல்லட்டும்."

அவர் நம்பவில்லை. எவ்வளவு சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். சின்ன வயதிலிருந்து நானே நட்டுவைத்த பொய் அது, வேர்விட்டு நின்றது. பதிவை அழித்தும் ஆயிற்று. காட்டுவதற்கு என் தொண்டையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

செருமினேன். முதலில் அது அவர் செருமலாக வரவில்லை. இன்னொரு முறை செருமினேன். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "யாரு, தம்பியா? சாப்டியாப்பா?" என்று ஆரம்பித்தேன். பெட்டி வாங்கியதைச் சொன்னேன். ஓரமாக இருப்பதைச் சொன்னேன். "உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் மூச்சு விட்டுக்கட்டுமா? தொந்தரவு இல்லையே?" இருமலையும் இருமிக் காட்டினேன். எதையும் குறைக்கவில்லை. குறைத்தால் நம்ப மாட்டார்.

வாரண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் முகத்தில் இறுகியிருந்தது ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. தோள் இறங்கியது. சிரிக்கத் தொடங்கினார். சித்தப்பா மாதிரி நான் பேசிக் காட்டும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு, கண்ணில் நீர் வர.

"அச்சு அசலா நான்தான்," என்றார். "கேட்டீங்களா மாப்ள? நானே ஏமாந்துட்டேன். அப்ப என் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பெரிய பாரம் இறங்குச்சு பாப்பா. நாளைக்கு டாக்டரெல்லாம் வேண்டாம்."

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நிம்மதியைத்தான் என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

"தம்பி அப்படிச் சிரிச்சானே," என்றார் அப்பா, சிரிப்பு மாறாமலே. "அதுக்கப்புறம் என்ன பேசிக்கிட்டீங்க? அதுக்குள்ள நின்னுபோச்சு."

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊர்க்கதை என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிற நிலையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அதனாலேயே என்னால் முடியவில்லை.

"உங்களை ஹால்லேருந்து கிளப்பி உள்ள தள்ளத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன்னு சொன்னேன்பா."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தலையை ஆட்டினார், நிலத்தகராறில் ஒரு தரப்பு சொல்வதைக் கேட்டு முடித்தவர் ஆட்டுவதுபோல. சோபாவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

"அப்பா, இங்கயே உக்காருங்க," என்றேன். கையைப் பிடித்தேன். "நான் டிவி போடறேன். இங்கயே பாருங்கப்பா."

"பரவாயில்லம்மா," என்றார். கையை உதறவில்லை, மெதுவாக எடுத்துக்கொண்டார். கண்ணாடிக் கூட்டைத் தேடி எடுத்தார். "உள்ளதான் எல்லாம் இருக்கே."

போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், சத்தம் வராமல்.